அண்ணன் வந்து பேர் வைப்பார்

மூன்றாவது ஊசி போடப் போன அன்று நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"பேரு?"

"இன்னும் வைக்கலைங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "போன தடவையும் இதேதான சொன்ன? பேரு வைக்கிறதுல இன்னாம்மா கஷ்டம்? எங்க பக்கத்து வீட்ல ஆட்டுக்குட்டி வாங்கினாங்க, அன்னிக்கே பேரு வெச்சுட்டாங்க."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். குழந்தையின் பெயர் என்று இருந்த இடத்தில் அவள் மறுபடியும் 'செலின் பாப்பா' என்று எழுதினாள். செலின் நான்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளையோடு என் பெயர் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே இடம் அதுதான்.

பெயர் வைக்காததற்குக் காரணம் அண்ணன். அண்ணன் என்றால் என் கூடப் பிறந்தவர் இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் கட்சியை நடத்துகிறவர். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் துண்டை ஒதுக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவார். கட்சிக்காரன் வீட்டில் பிள்ளை பிறந்தால் பெயரை அவர் வாயால்தான் சொல்ல வேண்டும். என் புருஷன் வெற்றிவேலே அப்படி ஒரு மேடையில் பெயர் வாங்கினவர்தான். அவர் பிறந்த வாரம் கட்சி ஜெயித்ததாம். அன்றைக்கு இருந்த தலைவர் பிள்ளையைத் தூக்கிப் பிடித்து 'வெற்றிவேல்' என்றாராம். அந்த வெற்றி எங்கே என்று நானும் கல்யாணம் ஆன நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். மேட்டுப்பாளையம் கம்பெனியில் பிளாஸ்டிக் வாளி வார்க்கிற மெஷினில் ஷிப்ட் வேலை. ஷிப்ட் முடிந்தால் கட்சி ஆபீஸ். வீட்டுக்கு வரும்போது உடம்பெல்லாம் போஸ்டர் பசை நாறும்.

எங்கள் கல்யாணத்தை நடத்தி வைத்ததும் அண்ணன்தான். நான் வேதக்கார வீட்டுப் பெண். என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா. எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் மெடல்களோடு நிற்கும் படம் மாதா படத்துக்கு ஒரு விரல்தான் கீழே. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வாளி வார்க்கிறவனோடு ஓடி வந்தவளுக்கு எந்தக் கோயிலில் தாலி கட்டுவார்கள்? கட்சி ஆபீஸ் மாடியில் அண்ணன் மாலை எடுத்துக் கொடுத்தார். "சாதியும் மதமும் தோற்ற இடம் இது!" என்று மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள். நானும் அழுதேன். இனிமேல் எங்களை யாரும் தொட முடியாது என்று நினைத்தேன்.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பெயரைப் பற்றி வெற்றிவேலோடு பேசி முடித்துவிட்டேன்.

"உங்க மாதா பேரும் வேணாம், எங்க அம்மன் பேரும் வேணாம். அண்ணன் நல்ல தமிழ்ப் பேரா வைப்பாரு. கவிநிலான்னு மனசுல வெச்சிருக்காருன்னு பேச்சு" என்றார்.

"அவரு ஊர் சுத்தி வர வரைக்கும் பிள்ளைய இன்னான்னு கூப்புடுறதுங்க?"

"பாப்பான்னு கூப்புடு. பேருன்னா சும்மாவா? ஆயுசு முழுக்க கூடவே வரும்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. தமிழ் இரண்டு பேருக்கும் பொது. சண்டையில்லாத பெயராக இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

ஆனால் மனசு என்று ஒன்று இருக்கிறதே. காலை நீட்டி அதில் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டும்போது, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நான் அவளை 'மதலேன்' என்று கூப்பிடுவேன். அது என் அம்மாவின் பெயர். பிள்ளை வயிற்றில் இருந்தபோது அம்மா செத்துப்போனாள். அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். தலையில் வெந்நீர் ஊற்றி, மூக்கை நீவிவிட்டு, "மதலேன், மதலேன்" என்பேன். அவள் ங்கா என்பாள். எந்தப் பெயர் சொன்னாலும் அந்த வயதில் ங்கா என்றுதான் சொல்வாள் என்று தெரியும். தெரிந்தும் சந்தோஷப்பட்டேன்.

அப்பா ஒருமுறை போன் செய்தார். பேத்தி பிறந்தது எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். என் அப்பா மிக்கேல் என்றால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் பயம். கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியாக விரலை நீட்டிப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார்.

"உங்கம்மா நெத்தி" என்றார். விரலை இழுத்துக்கொண்டார். பிறகு, "உங்கம்மா பேர வெச்சி, ஞானஸ்நானம் குடுத்துத் தூக்கினு வா. கதவத் தொறக்கிறேன். அவன் வர வேணாம். நீ வா."

"அவருகிட்ட கேக்கணும்பா."

"கேளு. ஓடும்போது யார கேட்ட?"

திரும்பி நடந்து வரும்போது பிள்ளை தோளில் தூங்கிவிட்டது. ஒரு பெயரைச் சொன்னால் எனக்கு அப்பா வீடு உண்டு. சொல்லாவிட்டால் இல்லை. வெற்றிவேலிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே மணிக்கூண்டைத் தாண்டினேன். ஆனால் அந்த வாரம் ஊரில் நடந்ததில் பெயரைப் பற்றிப் பேச இடமில்லாமல் போய்விட்டது.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை காற்று வேறு மாதிரி அடித்தது. எங்கள் கட்சிக்கு எதிராக நின்றவர்களை வெற்றிவேல் எப்போதும் 'அந்தப் பசங்க' என்றுதான் சொல்வார். போன தேர்தலில் சுவர் பிடிக்கிற சண்டையில் அந்தப் பசங்கதான் அவர் முன்பல்லை உடைத்தார்கள். உடைத்தவன் பெயர் அருள்முருகன். அதே அருள்முருகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரோடு தெருவில் வீடு வீடாக வந்தான். யார் வீட்டில் யார் மதம் கலந்து கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டார்கள். எதற்கு என்று கேட்டால், "சும்மாதான், தெரிஞ்சிக்கத்தான்" என்றார்கள். கீழ்வீட்டில் இருக்கும் ஓனர் கிருஷ்ணசாமியிடமும் கேட்டிருக்கிறார்கள். மாடியில் இருக்கிற பொண்ணு இன்னா மதம், பிள்ளைய இன்னா மதமா வளக்கறாங்க என்று.

கிருஷ்ணசாமி மாடிக்கு வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. கெட்டவர்களைவிட ஆபத்தான, பயந்த மனுஷர்.

"தப்பா நெனைக்காத செலினு. அந்த ஸ்டார கழட்டிடேன். கிறிஸ்மஸ் முடிஞ்சி எவ்ளோ நாளாச்சு."

"அது போனா மட்டும் விட்டுடுவாங்களா சார்?"

"எனக்காக சொல்லல. கைக்கொழந்த இருக்குது. மாடிப்படி வேற தொறந்து கெடக்குது. எவனாவது ஏறி வந்தா?"

மாடிப்படிக்குக் கேட் போட்டுக் கொடுங்கள் என்று வயிற்றில் பிள்ளை இருக்கும்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மட்டும் அவருக்குப் பயம் வரவில்லை. கடைசியில் வெற்றிவேலே ஒரு நல்ல பலகையைக் கொண்டு வந்து படியின் தலைமாட்டில் குறுக்கே கட்டினார். "அவ தவழுறதுக்குள்ள ரெடியா இருக்கட்டும்" என்றார். அந்தப் பலகையை அவர் தேய்த்து வழவழப்பாக்கினதைப் பார்த்தபோது இந்த ஆளை நான் கட்டினது தப்பில்லை என்று தோன்றியது. ஸ்டாரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

பாதிரியார் இல்லாத ஒரு ஜெபவீட்டில் கல் எறிந்தார்கள் என்று செய்தி வந்தது. எங்கே என்று ஆளுக்கு ஒரு ஊர் சொன்னார்கள். பால் பூத்தில் ஒருத்தி என் பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, "கலப்புல பொறந்தா கலரா இருக்கும்" என்றாள். நான் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாய் இருந்தது, பேசவில்லை. கையில் பிள்ளை இருக்கிறவளுக்கு வாய் பாதிதான்.

"அண்ணன் இருக்காரு" என்றார் வெற்றிவேல். எதைச் சொன்னாலும் அதையேதான் சொன்னார்.

பிறகு ஒருநாள் அண்ணன் இல்லை. போன் சுவிட்ச் ஆப். கட்சி ஆபீசில் பூட்டு. கடற்கரை ரோட்டில் ஏதோ ரிசார்ட்டில் இருக்கிறார் என்றார்கள், இல்லை டெல்லி போய்விட்டார் என்றார்கள். வெற்றிவேல் சோறு இறங்காமல் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் டிவியில் வந்தார் அண்ணன். தோளில் வேறு துண்டு. பக்கத்தில் அந்தப் பசங்களின் தலைவர். இரண்டு பேரும் கையைக் கோத்து மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

வெற்றிவேல் ஒரு நாள் முழுக்க அழுதார். நாயே பேயே என்று டிவியைத் திட்டினார். அண்ணன் படம் போட்ட காலண்டரைக் கிழித்தார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளுக்குள் ஒரு கதவு திறந்தது. ராத்திரி அவர் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னேன்.

"போவட்டும் விடுங்க. பேரு நாமளே வெச்சிக்கலாம். எங்கம்மா பேரு வைக்கலாமாங்க?"

"ம்" என்றார்.

அந்த 'ம்'மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன். புதுச்சேரியில் அன்றைக்கு என்னைவிட முட்டாள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பலகையைத் தாண்டிக்கொண்டு அருள்முருகன் வந்தான். பின்னால் வெற்றிவேல். வெற்றிவேல் சிரித்துக்கொண்டிருந்தார். முன்பல் இல்லாத அந்தச் சிரிப்பை, பல்லை உடைத்தவன் பக்கத்திலேயே நின்று சிரித்தார்.

"டீ போடு" என்றார்.

அருள்முருகன் நாற்காலியில் உட்கார்ந்து என் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். பிள்ளைக்குக் கட்சி தெரியுமா? அவன் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

"பழசெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க சிஸ்டர்" என்றான். "அண்ணன் எங்க பக்கம் வந்துட்டாரு. இனி நாமெல்லாம் ஒண்ணு. வட்டத் தலைவரு போஸ்ட் நம்ம வெற்றிவேல் மாமாவுக்குத்தான்னு அண்ணன் சொல்லிட்டாரு. இணைப்பு விழாவுல மொத நிகழ்ச்சியே நம்ம பாப்பாவுக்கு பேரு வைக்கிறதுதான்."

நான் வெற்றிவேலைப் பார்த்தேன். அவர் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் போன பிறகு கேட்டேன். "அந்தப் பசங்க மேடைல நம்ம பிள்ளையா?"

"அண்ணன் வாக்கு குடுத்தத மறக்கலையே, அத நெனைச்சுப் பாரு. கட்சிதான் மாறிச்சு. அண்ணன் அதே அண்ணன்தான."

"பேரு?"

"தமிழ்ப் பேருதான். நான் பேசிட்டேன்."

"நேத்து முழுக்க நாயி பேயின்னு திட்டினீங்க."

"பிள்ளை குட்டின்னு ஆயிடுச்சு செலினு. இவனுங்கள எதுத்துக்கினு இந்தத் தெருவுல இருக்க முடியுமா? ஸ்டார கழட்ட சொன்னாங்கல்ல? நாளைக்கு இன்னா கழட்ட சொல்லுவாங்க? உள்ள போயிட்டா யாரும் தொட மாட்டான்."

அவர் பயந்திருந்தார், எனக்காகவும் பயந்திருந்தார். பயத்தில் ஒரு மனுஷன் பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்றுகிறானா விற்கிறானா என்று பக்கத்தில் இருக்கிறவளுக்குக்கூட உடனே தெரிவதில்லை.

விழா சாயங்காலம். வெயில் இன்னும் இறங்கவில்லை. மைதானம் முழுக்கப் புதுத் துண்டுகள், கடையிலிருந்து பிரித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டியிருந்தேன். வேர்வையில் இடுப்பெல்லாம் சிவந்துபோய்ச் சிணுங்கிக்கொண்டிருந்தாள். மேடைக்குப் பின்னால் மகளிர் அணி என்று பேட்ஜ் குத்திய ஒரு அம்மாள் என் கழுத்தைப் பார்த்தாள்.

"அந்த டாலர பின்னால திருப்பிப் போட்டுக்கம்மா. போட்டோல வந்தா நல்லா இருக்காது."

என் அம்மா சின்ன வயதில் கோயிலில் புதுநன்மை வாங்கின அன்று போட்ட சிலுவை அது. நானே எடுத்துப் பின்கழுத்துக்குத் திருப்பினேன். யாரும் கையைப் பிடித்து முறுக்கவில்லை.

"நீ இங்கயே நில்லு. அப்பா மட்டும் மேல வரட்டும்" என்றாள். வெற்றிவேல் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஏறினார். சரவெடி வெடித்தார்கள். பிள்ளை வீரிட்டு அழுதது. அதன் அழுகையைக் கேட்டு எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. ஏறப்போனேன், அந்த அம்மாள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் பிள்ளையை வாங்கினார். மைக்கை நெருங்கினார். வெளிர் நீலப் பாவாடையில் என் பிள்ளை அவர் கையில் துள்ளிக்கொண்டிருந்தது.

"தாய்மார்களே! பெரியோர்களே! இந்தக் குழந்தையின் தாய் மாற்று மதத்திலே பிறந்தவர். இன்றைக்கு மனமுவந்து நம் பண்பாட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார். நேற்று வரை செலின். இன்று முதல் செல்வி! அந்தச் செல்வி பெற்ற செல்வம்..." என்று நிறுத்தினார். கூட்டம் காத்திருந்தது. "ஜெயதுர்கா! ஜெயதுர்கா! ஜெயதுர்கா!"

காதில் மூன்று முறை மெதுவாகச் சொல்ல வேண்டியதை ஊருக்கே மூன்று முறை கத்தினார். கூட்டமும் திருப்பிக் கத்தியது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, மைக்கைப் பிடித்து அதன் தலையில் இருந்த பஞ்சைக் கடித்தது. பிறகு கெக்கெக்கே என்று சிரித்தது. மைதானம் முழுக்கப் பத்து ஸ்பீக்கரில் என் பிள்ளை சிரித்தாள். ஜனங்கள் விசிலடித்தார்கள். அண்ணன் வெற்றிவேல் தோளில் தட்டினார். வெற்றிவேல் மேடையிலிருந்து எங்கேயும் பார்க்காமல் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குத் துர்க்கையோடு ஒரு சண்டையும் இல்லை. மாமியார் வீட்டில் எலுமிச்சை விளக்குப் போட்டிருக்கிறேன், பொங்கல் சாப்பிட்டிருக்கிறேன். அவளும் என்னைப் போல ஒரு பொம்பளைதான், அவளையும் கேட்டுவிட்டா அவள் பெயரை எடுத்தார்கள்?

வீட்டுக்கு வந்து பாவாடையைக் கழற்றிப் பிள்ளையின் இடுப்பில் எண்ணெய் தடவினேன். கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அவரை ஒருமையில் கூப்பிட்டேன்.

"உனக்குத் தெரியும்."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"முந்தாநாளுதான் சொன்னாங்க. வேணாம்னா போஸ்ட் இல்லன்னுட்டாங்க. போஸ்ட் கூட போவட்டும். அப்புறம் நம்மள சும்மா விடுவாங்களா?"

"நான் எப்ப மாறினேன்? யார்கிட்ட சொன்னேன்?"

"நீ மாற வேணாம். நீ பாட்டுக்குக் கோயிலுக்குப் போ. வெளியில செல்வி, அவ்ளோதான். கத்தாத, கீழ கேக்கும்."

"அவ பேரு?"

"விடு செலினு. ஒரு பேருதான?"

பேருன்னா சும்மாவா, ஆயுசு முழுக்கக் கூடவே வரும் என்று சொன்ன அதே வாய். நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து எறிந்தேன். அவர் மேல் படவில்லை. சுவரில் பட்டு வழிந்தது. அந்தக் கறை இன்னும் இருக்கிறது, வெள்ளையடித்தும் போகவில்லை.

காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனேன். வீடியோ எனக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் மாதா கோயில் பங்கில் எல்லார் போனிலும் ஓடியிருக்கிறது. அப்பா மாடியில் நின்றார்.

"அப்பா, நான் ஒண்ணும் மாறலப்பா. அவங்களா சொல்லிட்டாங்க."

அவர் கீழே பார்த்தார், தெருவைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "செல்வின்னு எனக்கு யாரையும் தெரியாது" என்றார். சன்னல் கதவைச் சாத்தினார். எதிர்வீட்டுக்காரி கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. பிள்ளைக்குப் பசித்தது, அதனால் திரும்பி நடந்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இதுதான் எரிச்சல். அருள்முருகனின் ஆட்கள் தெருவில் பார்த்தால், "வணக்கம்க்கா" என்று வண்டியை ஒதுக்கினார்கள். கிருஷ்ணசாமி தண்ணீர் மோட்டாரைக் கேட்காமலே போட்டார். பால் பூத்துக்காரி, "துர்காக்குட்டி" என்று பிள்ளையின் தாடையைப் பிடித்தாள். நான் வெளியில் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குள் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். ஜெயதுர்கா என்ற சொல் என் வாயிலிருந்து வராது என்று வைராக்கியம். வெற்றிவேல் எதிரிலேயே, சத்தமாகவே, "மதலேன்" என்று கூப்பிட்டேன். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அவருக்கு நேரமும் இல்லை. வட்டத் தலைவர் ஆயிற்றே.

மணிக்கூண்டு பக்கத்தில் பெரிய பேனர் வைத்தார்கள். அண்ணன் கையில் என் பிள்ளை. பிள்ளையின் முகம் மட்டும் ஒரு ஆள் உயரம். கடிபட்ட மைக்கு. கீழே வெற்றிவேல் கும்பிட்டபடி, சின்னதாக. பேனருக்குச் சட்டம் அடிக்க மரம் குறைந்ததாம். படித்தலைமாட்டில் கட்டியிருந்த பலகையை அவிழ்த்துக்கொண்டு போனார்.

"அவ தவழ ஆரம்பிச்சிட்டா" என்றேன்.

"தேர்தல் முடிஞ்சதும் புதுசே போட்டுடுறேன். நாலு வாரம் பாத்துக்க மாட்டியா?"

பிரச்சார ஆட்டோ வர ஆரம்பித்தது. மேடையில் எடுத்ததையே வெட்டி ஒட்டியிருந்தார்கள். முதலில் மேளம். பிறகு அண்ணன் குரல், "ஜெயதுர்கா! ஜெயதுர்கா! ஜெயதுர்கா!" அதன் பிறகு என் பிள்ளையின் சிரிப்பு, கெக்கெக்கே என்று. பிறகு, "சிரிக்கும் மழலையின் எதிர்காலத்துக்கு உங்கள் ஓட்டு" என்று ஒரு பெண் குரல். காலையில், மத்தியானம், சாயங்காலம், தெருத் தெருவாக அதே. நான் சன்னலைச் சாத்துவேன். சாத்தினால் புழுக்கம் தாங்காமல் பிள்ளை அழும். திறப்பேன். ஆட்டோ வரும்.

நான் மதலேன் என்று ஒரு நாளைக்கு எத்தனை முறைதான் சொல்ல முடியும்? ஒரு தாயின் தொண்டைக்கும் பேட்டரிக்கும் போட்டி.

அன்றைக்கு மத்தியானம். வெற்றிவேல் ஷிப்டுக்குப் போயிருந்தார். பிள்ளை உள்ளே பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று நினைத்து, வீட்டுக்கு முன்னால் மாடித் திறந்தவெளியின் அந்தக் கோடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வாயில் கிளிப்பு. கீழே தெருமுனையில் மேளம் கேட்டது. எரிச்சலோடு திரும்பினேன்.

பிள்ளை வாசலைத் தாண்டி வெளியே வந்திருந்தாள். முட்டிபோட்டு, வேகவேகமாக, படியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். பலகை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஒரு கை படியின் விளிம்பில் இருந்தது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எட்டிப் பார்த்தாள்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் மொத்தத் திறந்தவெளியும் கிடந்தது. கிளிப்பைத் துப்பினேன். ஓடினேன். ஓடினால் முடியாது என்று கால் வைத்தவுடனே தெரிந்துவிட்டது.

"மதலேன்!"

திரும்பவில்லை.

"மதலேன்! மதலேன்! ஏய் பாப்பா!"

அடுத்த கையையும் எடுத்து விளிம்பில் வைத்தாள். தலை கீழே சாய்ந்தது.

"ஜெயதுர்கா!"

நின்றாள். அப்படியே நின்று, தலையைத் திருப்பி, என்னைப் பார்த்தாள். வாய் முழுக்கச் சிரித்தாள். என் குரலில் அந்தப் பெயரை முதல்முறையாகக் கேட்கிறாள் அல்லவா, ஆச்சரியம். கெக்கெக்கே என்று சிரித்தாள், மைக்கில் சிரித்த அதே சிரிப்பு. ஈரத் துணியோடு போய் விழுந்து அவளைப் பிடித்தேன். முட்டி சிராய்த்து ரத்தம் வந்தது.

கீழே ஆட்டோ எங்கள் வாசலைத் தாண்டிப்போனது. ஜெயதுர்கா, ஜெயதுர்கா, ஜெயதுர்கா. என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் என் பிள்ளையை நான் வெறுத்தேன். உயிரோடு கையில் இருந்த பிள்ளையை. முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தேன். அவள் மூச்சடைத்து, பிறகு அழுதாள். அழ அழ அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

கிருஷ்ணசாமி கீழே வாசலில் வந்து நின்று நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, விழுந்துட்டாளா?"

"இல்ல சார்."

"நல்லவேள. நீ கூப்ட்டது கேட்டுச்சி. இப்பவாவது பேரு சொல்லிக் கூப்ட்டியே, அதான் நல்லது. கொழந்த கொழம்பிடும்ல?" என்றார். சந்தோஷமாக உள்ளே போனார்.

அவர் வெற்றிவேலிடமும் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வெற்றிவேல் நேரத்தோடு வந்தார். கையில் அல்வாப் பொட்டலம். படியேறும்போதே "ஜெயதுர்கா!" என்றார். பிள்ளை என் மடியிலிருந்து எகிறித் திரும்பியது. முதுகில் என் விரல் பதிந்த இடம் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டுப் பிடித்தார். எனக்கு அவ்வளவு நாளாகச் சொல்லாத ஏதோ ஒன்றைச் சொல்லப்போகிறவர் மாதிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்தார். முன்பல் இல்லாததால் ஓரத்துப் பல்லில் வைத்துக் கடித்தார்.

"செல்வி, ஒரு தட்டு எடுத்தா" என்றார்.

எழுந்து போய் எடுத்து வந்து கொடுத்தேன்.